ஒரு பக்கச் சாணை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் நின்றது என்று சொன்னால் இன்று மாடம்பாக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத தெருவில் டிராக்டரை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். அப்போது அது தெருவே இல்லை. எங்கள் வீடு, பெரியப்பா வீடு, நடுவில் மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு வீடு, இவற்றுக்குப் பின்னால் கல் நட்டுப் பிரித்துப் போட்ட மனைகள். வாங்கியவர்கள் யாரும் இன்னும் வீடு கட்டவில்லை. கல்லும் புல்லுமாகக் கிடந்த அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் எங்கள் நிலம் என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். விற்றவரும் அவர்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

நிலம் போனாலும் பெரியப்பா மாடுகளை விடவில்லை. பதினோரு மாடுகள். விடியற்காலையில் கறந்து, கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் வரை போய் ஊற்றிவிட்டு வருவார். பாலுக்குக் குறைவில்லை, புல்லுக்குத்தான் திண்டாட்டம். மனைக்காரர்கள் ஒவ்வொருவராக முள்வேலி போட ஆரம்பித்திருந்தார்கள். ஏரிக்கரைப் புல்லுக்கு ஊரே அடித்துக்கொண்டது. வைக்கோல் லாரி எப்போதாவதுதான் வந்தது. ஒருநாள் மாட்டுத் தரகர் ஒருவர் வந்து, பதினோரு மாடுகளின் பல்லையும் பிடித்துப் பார்த்துவிட்டு, கேளம்பாக்கத்தில் ஒருவர் மொத்தமாக ஓட்டிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறார் என்றார். பெரியப்பா அன்று சாப்பிடவில்லை. டிசம்பர் முடியட்டும், சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

டிசம்பர் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பால் ஊற்றுகிற வழியில் ஒரு பெரிய வளாகம் உண்டு. பெயர் எதற்கு. உள்ளே கட்டடங்கள் கொஞ்சம், வெட்டவெளி ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் அந்த வெளி முழுக்க இடுப்பளவு புல் நிற்கும். பாம்புக்குப் பயந்து வருஷா வருஷம் ஆள் வைத்து அறுப்பார்கள். இந்தக் கோடியில் அறுத்து முடிப்பதற்குள் அந்தக் கோடியில் மறுபடி வளர்ந்துவிடும். புதிதாக வந்திருந்த தோட்ட அதிகாரி, இனிமேல் ஆள் கூட்டம் வேண்டாம், மிஷின் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் வந்து அறுக்கலாம், அறுத்த புல்லை அவரே கொண்டுபோகலாம், வருஷா வருஷம் அவருக்கே என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, டிசம்பரில் அவர் குறிக்கிற நாளில் அவர் கண்ணெதிரே அறுத்துக் காட்டவேண்டும். அந்தப் புல் கிடைத்தால் மாடுகள் நம்முடையவை, கிடைக்காவிட்டால் தரகருடையவை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க இது ஒன்றுதான் பேச்சு.

மிஷினுக்கு எங்கே போவது? அதை அப்பா கண்டுபிடித்தார். அப்பா குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் வீட்டுக் கடிகாரம் மூன்று முறை கழற்றப்பட்டு, மூன்றாவது முறை ஒரு திருகாணி மிச்சமாகி, அதற்குப் பிறகு முன்னைவிட நன்றாக ஓடியது. அவர்தான், எப்போதோ மூடிப்போன ஒரு பால்பண்ணையின் கொட்டகையில் ஒரு பழைய டிராக்டரும் அதனோடு புல்லறுக்கும் மிஷினும் ஏலத்துக்குக் கிடக்கிறது என்று செய்தி கொண்டுவந்தார். அண்ணனும் தம்பியும் போய் எடுத்துவிட்டார்கள்.

அது வந்து இறங்கிய அழகைச் சொல்லவேண்டும். ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு டயர்களில் காற்று இல்லை. ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பாகற்கொடி படர்ந்து, அதில் இரண்டு காயும் தொங்கின. சிவப்பு என்று சொல்லக்கூடிய நிறம் சீட்டுக்கு அடியில் மட்டும் ஒரு கையளவு இருந்தது, மற்றதெல்லாம் துரு. பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, பேரீச்சம்பழத்துக்குப் போடறதுக்கா வாங்கினு வந்தே?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அந்தப் பாகற்காய் இரண்டையும் பறித்து என் கையில் கொடுத்து, அம்மாவிடம் கொடு, இன்றைக்குக் குழம்பு வைக்கட்டும் என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் டிராக்டர்தான். ஏர் கிளீனருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. அப்பா அவற்றின் மேல் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றிவிட்டு, வாரா வாரம் ஒரு கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பார். நான்காவது வாரம் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அந்த ஒரு நூலுக்கு அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போய் வந்தது. கிடைக்காத சாமான்களைப் புதுப்பேட்டையில் தேடி எடுத்து, பையில் போட்டு, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். சட்டையில் கிரீஸ் இல்லாத அப்பாவை அந்த நான்கு மாதம் நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மழை விட்டிருந்த மதிய வேளையில் அது ஓடியது. முதலில் ஒரு இருமல், பிறகு இன்னொரு இருமல், அப்புறம் கன்னங்கரேல் என்று ஒரு புகை. கோழிகள் கூரைமேல் ஏறின. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பெரியப்பா தேங்காய் உடைத்தார். அப்பா சீட்டில் ஏறி உட்காரவில்லை. பெரியப்பாவை ஏற்றிவிட்டுத் தான் கீழே நின்றார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. செய்தவர் கீழே நிற்க, சும்மா இருந்தவர் மேலே உட்காருவதாவது! ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சரி செய்துவிட்டேன். எங்கள் அப்பா துருவிலிருந்து டிராக்டர் செய்தார், அவரே ஓட்டினார் என்று ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். பத்து வயதுக்கு எனக்கிருந்த கௌரவம் கொஞ்ச நஞ்சமல்ல. அதன் பெரும்பகுதி அந்த டிராக்டரின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது.

மிச்சம் இருந்தது புல் மிஷின். டிராக்டரின் வலதுபக்கம் நீட்டிக்கொண்டு ஐந்தடி நீளத்துக்கு ஒரு இரும்புக் கை. அதன் முன்பக்கம் வரிசையாக விரல்கள். விரல்களுக்குள்ளே ஒரு சட்டம், அதில் ரிவிட் அடித்த இருபது முக்கோணத் தகடுகள். இஞ்சின் ஓடினால் அந்தச் சட்டம் இப்படியும் அப்படியும் ஓடும், விரல்களுக்கு நடுவே வருகிற புல்லை அறுத்துத் தள்ளும். அப்படித்தான் பண்ணையில் முன்பு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

தகடுகள் மழுங்கிக் கிடந்தன. இதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியப்பா எடுத்துப் போனார். அவருக்குத் தெரிந்த கொல்லர் ஒருவர் இருந்தார். வெட்டுக்கத்தி, கோடாலி என்றால் சுற்று வட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. அவரும் மனப்பூர்வமாகச் செய்தார். கத்தியைப் போலவே மேலும் கீழும் இரண்டு பக்கமும் சாணை பிடித்து, இருபது தகடுகளையும் பளபளவென்று கொடுத்தனுப்பினார். பெரியப்பா ஒரு தகட்டை எடுத்துத் தன் முன்கை மயிரை மழித்துக் காட்டினார். அப்பாவே அசந்துபோனார்.

அதிகாரி குறித்தது டிசம்பரில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் மனைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இஞ்சின் ஓடியது, இரும்புக் கை ஓடியது, சத்தமும் ஓஹோ என்று இருந்தது. புல் மட்டும் அறுபடவில்லை. மடங்கியது. விரல்களுக்குள் போய் மடங்கி, நசுங்கி, அடைத்துக்கொண்டு, கடைசியில் கை நின்றுவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார்கள், மறுபடி அடைத்துக்கொண்டது. வேகம் போதாது என்றார் பெரியப்பா. புல் ஈரம் என்றார் பக்கத்து வீட்டு மாமா. மயிரை மழிக்கிற கூர்மை ஒரு புல்லை அறுக்காதா? கூர்மை இன்னும் பத்தவில்லை என்று சொல்லி, கையாலேயே தேய்த்து இரண்டு பக்கமும் இன்னும் கூராக்கினார்கள். இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டது. மத்தியானம் பெரியப்பா கொட்டகைக்குப் போய் மாடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்கும் கவலைதான். மாடுகளுக்காக என்று சொன்னால் பொய். ஐந்தாம் வகுப்பை நினைத்துத்தான்.

அப்போதுதான் அம்மா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். எந்நேரமும் தையல் மிஷினில்தான் இருப்பாள், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். டிராக்டர் பக்கம் அவள் அதிகம் வந்ததில்லை. டம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல், குந்தி உட்கார்ந்து ஒரு தகட்டை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் தம்பி பெண்டாட்டி அண்ணனிடம் நேராகப் பேசுவதில்லை. பெரியப்பா முன்னால் அம்மா எதைச் சொல்வதானாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வாள், நான் அதை எடுத்துப் போய்ச் சேர்க்கவேண்டும். இரண்டடி தள்ளி நிற்கிற மனிதருக்கு அது முன்பே கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

"ஏண்டி, இதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பக்கமும் சாணை புடிச்சாங்கன்னு கேளு" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மாடு போகப்போகிறது, மானம் போகப்போகிறது, இவள் சாணையைப் பற்றிக் கேட்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே கேட்டேன். கத்தி என்றால் இரண்டு பக்கமும்தான் பிடிப்பார்கள், அது பொம்பளைகளுக்குத் தெரியாது என்று பெரியப்பா சொன்னார். அம்மா விடவில்லை. போன வருஷம் வாசலுக்கு வந்த புதுச் சாணைக்காரன் ஒருவன் அவளுடைய பெரிய கத்தரிக்கோலின் உள்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டான், அன்றிலிருந்து துணி வெட்டுப்படாமல் நடுவிலே மடங்கிக்கொண்டு போகிறது, இந்தப் புல்லும் அப்படித்தான் மடங்குகிறது என்று சொல்லச் சொன்னாள். நான் பாதிதான் சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டு மாமா, "இது ஜாக்கெட்டு துணி இல்லம்மா, டிராக்டரு" என்று சிரித்துவிட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் பக்கம் கௌரவம் மிஞ்சவேண்டும் என்றால் அம்மாவின் பக்கம் நிற்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

அப்பா சிரிக்கவில்லை. "அந்தக் கத்தரிக்கோல எடுத்துனு வா. நல்லதையும் எடுத்துனு வா" என்று என்னிடம் சொன்னார்.

கொண்டுவந்தேன். கெட்டுப்போன கத்தரிக்கோலில் ஒரு பிடிப் புல்லை வைத்து அழுத்தினார். புல் மடங்கி நடுவிலே மாட்டிக்கொண்டது. நல்லதில் வைத்து அழுத்தினார். கறுக்கென்று இரண்டாக விழுந்தது. இன்னொரு தரம் அதையே செய்து பார்த்தார். பிறகு சட்டை பாழாவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் குப்புறப் படுத்து, விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல்.

"அண்ணா, இது கத்தி இல்ல. கத்தரிக்கோலு. வெரல்மேல பதிச்சு வச்சிருக்கான் பாரு ஒரு தகடு, அது ஒரு அலகு. ஓடறது இன்னொரு அலகு. அடிப்பக்கம் மட்டமா ஒட்டி ஓடணும். நாம அங்கயும் சாணை புடிச்சு இடுக்கு வுட்டுட்டோம். அவ சொன்னதுதான் கரெக்டு."

பெரியப்பா கொஞ்ச நேரம் தகடுகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, இப்போது என்ன செய்யவேண்டும் என்று உன் அம்மாவைக் கேள் என்றார். நான் பிறந்த நாள் முதல் அந்தத் திசையில் ஒரு கேள்வி போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திங்களும் செவ்வாயும் அப்பா லீவு போட்டார். எனக்கு அரைப் பரீட்சை லீவு. இருபது தகடுகளையும் ரிவிட் உடைத்துக் கழற்றினார்கள். ஒவ்வொன்றின் ஓரத்தையும், அடியில் இருந்த சாணை மறைகிற வரைக்கும் மேலிருந்து தேய்த்துக் குறைக்கவேண்டும், ஒரு மயிரிழை அதிகமானால் தகடு வீண். எதுவரை தேய்ப்பது என்று அம்மா துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒவ்வொரு தகட்டிலும் கோடு போட்டாள். பெரியப்பா கைச் சாணைச் சக்கரத்தைச் சுற்ற, அப்பா தேய்க்க, நான் தகட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடுவேன். அவள் தைப்பதை நிறுத்தி, தையல் மிஷினின் வழவழப்பான மேல்தகட்டில் அதை வைத்து, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் திருப்பி அனுப்புவாள். சிலது மூன்று தடவை திரும்பிப் போயின. கம்பெனியில் மேலதிகாரிகளையே எதிர்த்துப் பேசுகிற அப்பா, வாயைத் திறக்காமல் வாங்கி வாங்கித் தேய்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. என் வகுப்புப் பெண் ஒருத்தி ஜாக்கெட் வாங்க வந்தவள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாதான் மெக்கானிக்கா?" என்று கேட்டுக் கெக்கேபிக்கே என்று சிரித்தாள். ஐப்பசியிலிருந்து வகுப்பில் நான் கட்டிய கோட்டை அது. அப்பா உள்ளே இருக்கவேண்டிய இடத்தில் இஞ்ச் டேப்போடு அம்மா வந்து உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்? இல்லை, அம்மா சும்மா பார்க்கிறாள் என்று சொல்லி அவளை அவசரமாக அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமை காலை. வெளி முழுக்கப் பனியில் நனைந்த புல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், கூட நான்கைந்து பேர். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். இந்தத் தடவை அப்பாவே ஏறி உட்கார்ந்தார். அம்மாவும் வந்திருந்தாள், வேலி ஓரமாக நின்றாள்.

அப்பா இரும்புக் கையை இறக்கினார். முதல் பத்தடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தம் மாறவில்லை. திறந்து பார்த்தால், டிராக்டருக்கு வலதுபுறம் புல் நின்ற வாக்கிலேயே ஒரு கணம் நின்று, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டே போகிறது. மடங்கவில்லை, கசங்கவில்லை. அப்பா போய்க்கொண்டே இருந்தார். சிறியதாகி, அந்தக் கோடியில் திரும்பி, மறுபடி பெரியதாகி வந்தார். பெரியப்பா ஓடிப்போய் அறுத்த புல்லை இரண்டு கையாலும் அள்ளி மோந்து பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய விஷயங்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் காலையைப் போல நெஞ்சு நிமிர்ந்து நான் நின்றதில்லை.

மூன்று சுற்று முடிந்ததும் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "போதும்ப்பா. வர்ற வருஷமும் நீங்களே வாங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னார். இந்தக் காயலான் கடைச் சரக்கை இப்படி ஓட வைத்தது யார் என்று கேட்டார். பெரியப்பா அப்பாவைக் காட்டினார். அப்பா கீழே இறங்கி வந்து, வேலிப் பக்கம் பார்த்துக் கையசைத்து அம்மாவைக் கூப்பிட்டார். அவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"வண்டி நான் ரெடி பண்ணேன் சார். ஆனா புல்லு அறுக்கலை. ஏன் அறுக்கலைன்னு கண்டுபுடிச்சவங்க இவங்கதான். எங்க வூட்டுக்காரங்க."

அதிகாரி ஆச்சரியமாக அம்மாவின் பக்கம் திரும்பினார். அப்படியா, எப்படிம்மா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "இல்ல சார்! எங்கம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க மட்டும்தான் தெரியும். எல்லாத்தையும் எங்கப்பாதான் பண்ணாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என் தலையைத் தட்டி, அப்பா செல்லம் போலிருக்கிறது என்றார். அப்பாவின் தோளையும் தட்டினார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஜாக்கெட் இரண்டு அவசரமாகக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

நான் மட்கார்டின் மேல் உட்கார்ந்து அப்பாவோடு வீடு திரும்பினேன். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள், சிலர் கையும் காட்டினார்கள். வீடு வந்து சேரும் வரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பாவம், பெருமையில் அவருக்குப் பேச்சே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நானும் பேசாமல் வந்தேன்.